மருமகன் பலம் பெற்ற கதை

முனாபின் கை கோழிக்கூட்டுக்குள் முழங்கை வரை போயிருந்த நேரத்தில் பின்னால் மாமியின் குரல் கேட்டது.

“ஆரு, மருமகனா?”

“ஓம் மாமி. கூட்டுக் கதவு திறந்து கிடந்திச்சி. பூட்டுவம் எண்டு வந்தன்.”

“நல்லம்,” என்று சொல்லிவிட்டு ஸாலிஹா உம்மா குடத்தோடு போய்விட்டார்.

சுபஹுத் தொழுகை முடிந்து, விடிந்தும் விடியாத நேரம். முனாப் கையிலிருந்த முட்டைகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தான். வாழை மறைவில் நின்று ஒவ்வொன்றாக உடைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றினான். கோதுகளை நசுக்கி வாழையடியில் புதைத்தான். பிறகு இரண்டு கையிலும் நிறைந்த வாளிகளைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கும் குசினிக்குமாக நடக்கத் தொடங்கினான். குடங்கள் நிறைந்துவிட்டால் வாளிகளை வாழைக்கு ஊற்றிவிட்டு மறுபடி அள்ளினான்.

அவன் ஏறாவூர்க்காரன். பட்டினத்தில் ஒரு புடவைக் கடையில் எழுத்து வேலை. றஸீனாவைக் கலியாணம் முடித்து, ஊர் வழக்கப்படி காத்தான்குடியில் பெண் வீட்டில் குடியிருந்தான். முட்டைக் களவு தொடங்கியதற்குக் காரணம் ஒரு தோணி.

கலியாணம் முடிந்த கையோடு, மாமனார் உசனாரின் வயலைப் பார்க்க வாவியைக் கடந்து எல்லாரும் படுவான்கரைக்குப் போனார்கள். திரும்பும்போது தோணி சேற்றில் இறுகிவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். தோணி போய்விட்டது. முனாப் மட்டும் சேற்றில் முகம் குப்புறக் கிடந்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. றஸீனா உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

“பரவாயில்ல,” என்றார் உசனார். “மாசியில அறுப்புக்கு மூட்டை தூக்கக்குள்ள எல்லாம் பழகிரும்.”

அன்றைக்குப் போன நித்திரை பிறகு ஒழுங்காகத் திரும்பி வரவில்லை. மூட்டை, மூட்டை என்று புரண்டான்.

கடைக்கு எதிரே குடியிருந்த பறங்கி வாலிபன் ஏர்ல், வீட்டு விறாந்தையில் இரும்புக் குண்டுகள் தூக்குகிறவன். முனாப் வெட்கத்தை விட்டு அவனிடம் போய் நின்றான்.

“உன்ட கையப் பாத்தா பேனையே பாரம் போல மென்,” என்றான், பேச்சுக்குப் பேச்சு இங்கிலீசில் ‘மென்’ போடும் ஏர்ல். “லேசான பாரத்தில தொடங்கு. கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டு. இண்டைக்குத் தூக்கினா நாளைக்கு ஆறவிடு. ஆனா சாப்பாடு இல்லாமத் தூக்கினா இருக்கிறதும் கரைஞ்சிரும்.”

“நான் சோறு நல்லாத் தின்னுவன்.”

“சோறு காணாது மென். முட்டை, மீன், இறைச்சி, பருப்பு. சதை அதாலதான் வைக்கும்.”

பாரம் பிரச்சினையாக இருக்கவில்லை. வாளி இருந்தது, அம்மிக் குழவி இருந்தது, மண் நிரப்ப மண்ணெண்ணெய்த் தகரம் இருந்தது. சாப்பாடுதான் சங்கடம். புது மாப்பிள்ளை மாமியிடம் எதைக் கேட்பது? ஸாலிஹா உம்மா மீன் துண்டை அகப்பையில் எடுத்தாலே “காணும் மாமி, காணும்” என்று அவன் கை தானாகச் சாப்பாட்டுக் கோப்பையை மூடிவிடும். ஒரு முறை பொரித்த முட்டை வைத்தார். அதையும் நாகரிகமாகத் தள்ளிவிட்டு, இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தான்.

வெளியில் வாங்கித் தின்னவும் வழியில்லை. பெண் வீட்டில் மருமகனைப் பட்டினி போடுகிறார்கள் என்ற பேச்சு அவன் சைக்கிளுக்கு முன்னம் வீட்டுக்கு வந்துவிடும். மிஞ்சியது கோழிக்கூடு.

கோழிகளும் அவனைக் கைவிடவில்லை. எத்தனை எடுத்தாலும் அடுத்த விடியலில் முட்டை இருந்தது. நன்றிக்கடனாக அவற்றுக்குக் குறுநொய் அள்ளிப் போட்டான். மெல்ல மெல்லச் சட்டைக் கை இறுகத் தொடங்கியது.

“சட்டையெல்லாம் சுருங்கிப் போகுது,” என்றாள் றஸீனா.

“சவுக்காரம் சரியில்ல போல.”

அவள் உடுப்புத் தோய்க்கும் சவுக்காரத்தை மாற்றினாள். முனாபுக்கு இன்னும் அந்தரமாகியது. களவு களவுதானே. தொழுகையில் நின்றாலும் காதுக்குள் கோழி கொக்கரித்தது.

அறுப்பு முடிந்து, மூட்டை ஏற்ற ஆள் பிடிக்க உசனார் தங்கியிருந்த வயல் வாடியிலிருந்து வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே, கோழிகள் வாழையடியைக் கிளறி முட்டைக் கோதுகளை வெளியே போட்டன.

“மரநாய்,” என்றார் உசனார்.

“அதுவும் அல்லாட படைப்புத்தானே,” என்றார் ஸாலிஹா உம்மா. “திண்டிட்டுப் போகட்டும்.”

உசனார் கேட்கவில்லை. ஓர் இரும்புப் பொறியைக் கொண்டுவந்து கூட்டுக்குள் வைத்தார்.

“உள்ள கை விடுறவ நான். என்ட கையல்லவா போகும்?” என்றார் ஸாலிஹா உம்மா.

“பாத்து விடு. மருமகன், நீங்கதான் காவல்.”

காவல்காரனுக்கு வியர்த்தது. பொறியை எப்படியாவது வெளியே எடுப்பிக்க வேண்டும் என்று அடுத்த நாளே ஒரு பொய் சொன்னான்.

“மரநாய் இல்ல மாமா. நான் கண்டன். சாம்பல் நிறப் பூனை ஒண்டு.”

பூனைக்கு எவன் சொந்தம் கேட்டு வரப்போகிறான் என்று நினைத்துவிட்டான். அந்தத் தெருவில் சாம்பல் நிறத்தில் இருந்தது ஒரே பூனை. அது பக்கத்து வீட்டு முஹம்மட்டின் செல்லம். முஹம்மட் தறி நெய்கிறவர். உசனாரின் நெல் வருசா வருசம் வாவியைக் கடந்து வருவது அவருடைய தோணியில்தான்.

உசனார் பொறியை எடுத்துவிட்டு வேலியடிக்குப் போனார்.

“உன்ட பூனை என்ட முட்டையெல்லாம் திங்குது.”

“என்ட பூனை மீனைத் தவிர ஒண்டையும் மணந்தும் பாக்காது.”

“என்ட மருமகன் கண்ணால கண்டவர்.”

“அப்ப உன்ட நெல்ல உன்ட மருமகன்ட முதுகில ஏத்திக் கொண்டா. என்ட தோணி வராது.”

சூடடித்த நெல் படுவான்கரையில் திறந்த வெளியில் கிடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அறுப்புக் காலத்தில் வேறு தோணி எங்கே கிடைக்கும்? முனாப் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலைந்தான். கடைசியில் முஹம்மட் ஒரு வழிக்கு வந்தார்.

“இண்டைக்குப் பூனையத் தறிக் கொட்டிலுக்குள்ள பூட்டி வைக்கன். விடிய முட்டை காணாமப் போயிருந்தா, பூனை கள்ளனில்ல. உங்கட மாமா வந்து அத என்னட்டச் சொல்லணும், தோணி வரும். முட்டை இருந்தா தோணியும் இல்ல, பேச்சும் இல்ல.”

உசனார் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு பொறியை மறுபடி கூட்டுக்குள் வைத்தார்.

“பூனை இல்லாட்டி உண்மையான கள்ளன் மாட்டட்டும்.”

ஆக, பூனையின் மானத்துக்கும் மாமாவின் நெல்லுக்குமாக முனாப் களவெடுத்தே தீர வேண்டும்.

விடியற்காலை பொறியைச் சுற்றிக் கையை வளைத்து விட்டான். முட்டைகள் அகப்பட்டன. கையை எடுக்கும் நேரத்தில் ஒரு கோழி சிறகை அடித்தது. பொறி விரல்களைக் கௌவிக்கொண்டது. சாரன் தலைப்பைக் கடித்துச் சத்தத்தை விழுங்கினான். மறுகையால் இரும்புப் பல்லைப் பிடித்து விரித்தான். கலியாணம் முடித்த புதிதில் என்றால் அங்கேயே கிடந்திருப்பான். இப்போது பொறி முனகிக்கொண்டு திறந்தது.

குசினி வாசலில் ஸாலிஹா உம்மா நின்றார். வீங்கிய விரல்களைப் பார்த்தார்.

“கதவில நசுங்கிட்டா, மருமகன்?”

“ஓம் மாமி.”

“அந்தக் கதவு பொல்லாத கதவு,” என்று மஞ்சள் அரைத்துச் சீலையால் கட்டிவிட்டார்.

உசனார் வெறும் கூட்டைப் பார்த்தார், மூடிக் கிடந்த பொறியைப் பார்த்தார், வேலியடிக்குப் போனார்.

“முஹம்மட், உன்ட பூனை நல்ல பூனை.”

“அது எனக்குத் தெரியும்,” என்றார் முஹம்மட். “தோணி எத்தினை மணிக்கு?”

மழைக்கு முன்னம் ஏற்ற வேண்டும் என்று எல்லாரும் படுவான்கரைக்கு ஓடினார்கள். முனாப் முதல் மூட்டைக்குக் குனிந்தான். நிமிர்ந்தபோது மூட்டை தோளில் இருந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து அதைத் தோணியில் இறக்கினான். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினான். கூலிக்கு வந்தவர்கள் களைத்து உட்கார்ந்த பிறகும் அவன் நடந்துகொண்டிருந்தான். கடைசி மூட்டை ஏறிய பிறகுதான் மழை பிடித்தது.

“ஏறாவூர் மாப்பிள்ள பரவாயில்ல,” என்றார் உசனார்.

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்ற றஸீனா அவன் தோளையே பார்த்தாள். “சவுக்காரத்தில பிழை இல்ல,” என்றாள்.

முனாபுக்குச் சந்தோசம் ஒரு ராத்திரி கூட நிற்கவில்லை. சாப்பாட்டில் இருந்தபோது உசனார் சொன்னார்: “நானும் முஹம்மட்டும் சேர்ந்து அந்த மரநாயப் பிடிக்கப் போறம். அவன்ட பூனை பாவம், சும்மா கெட்ட பேர்.”

ஒன்றும் செய்யாத பூனைக்குக் கெட்ட பெயர். இனி ஒன்றும் செய்யாத மரநாய்க்குக் குழி. உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. தின்ற முட்டைகளையாவது திருப்பி வைத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தான். ஊர் பேசினால் பேசட்டும்.

அடுத்த நாள் தெரு முனையில் முட்டை விற்கும் நபீஸாவின் வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

“ராத்தா, முட்டை வேணும். கூடுதலா வேணும். மாமிக்குத் தெரியாம.”

நபீஸா அவனை ஏற இறங்கப் பார்த்தார். கடகத்தைத் திறந்து காட்டினார். உள்ளே வைக்கோல் மட்டும் கிடந்தது.

“முட்டைக்கு எங்க மனே போற? இரிக்கிறதெல்லாம் ஒவ்வொரு நாளும் உங்கட மாமிதானே வாங்கிட்டுப் போறா. அவட கோழியள் கிழண்டு முட்டையிடுறத நிப்பாட்டி வருசமாகுது. கோப்பையில வெச்சா மருமகன் வெக்கத்தில திங்கிறாரில்ல, கூட்டுக்குள்ள வெச்சாத்தான் திங்கிறார் எண்டு சொன்னா.”