முயலுக்கு ஒன்பது வயது

அந்த நாட்டின் பெயர் இப்போது சரியாக நினைவில் இல்லை. கதவுகள் முதலில் வந்தனவா, சட்டம் முதலில் வந்ததா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. சில இடங்களில் நானே ஒன்றிரண்டு சேர்த்துச் சொல்லக்கூடும். நீதிமன்றத்தில் நடந்ததை மட்டும் சேர்க்கவில்லை. அப்படி ஒன்றைச் சேர்க்கும் அளவுக்கு எனக்குக் கற்பனை கிடையாது.

அந்த நாட்டில் அதிகாரிகள் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். முன்பு ஓர் அரசன் முகத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவந்தான். அழகான திருடன் விடுதலையாகி வீட்டுக்குப் போனான். அம்மைத் தழும்புள்ள சாட்சி சிறைக்குப் போனான். பின்னால் வந்தவர்கள் வெட்கப்பட்டு, அரசுப் பணியில் இருப்பவர் எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்க்கக் கூடாது, ஏட்டில் உள்ளதை மட்டுமே நம்ப வேண்டும் என்று விதி செய்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த விதிதான்.

இந்த நாட்டுக்குக் கடல் கடந்து சில வணிகர்கள் வந்தார்கள். வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு சின்னக் கதவை இலவசமாக வைத்துக் கொடுத்தார்கள். எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் அந்தப் பக்கம் ஒரே விளையாட்டு மாளிகை. உள்ளே போகிறவர்கள் முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும். கிளி, மான், கரடி, முயல், எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் கதவுக்குள் போய்விடுவார்கள். வீட்டில் சத்தமே இருக்காது. பெரியவர்களுக்கு அந்த அமைதி பிடித்துப்போயிற்று.

பிறகு, மாளிகைக்குப் போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்து யாரிடமும் பேசாமல் இருக்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒரு சிறுமி கிணற்றில் குதித்தாள். ஊர் கொதித்தது. மந்திரிசபை மூன்று நாள் கூடி, கதவு தோறும் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. 'நீங்கள் குழந்தையா?' ஆம் என்றால் கதவு திறக்காது. இல்லை என்றால் வயதைக் கேட்டு ஏட்டில் எழுதிக்கொண்டு திறக்கும்.

பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம்கூட ஆகவில்லை.

நாற்பது நாள் கழித்து மந்திரி முரசறைவித்தார். மாளிகையில் இப்போது ஒரு குழந்தைகூட இல்லை என்று ஏடு சொல்கிறது. ஆகவே பிள்ளைகளைக் கவனிக்க உள்ளே நிறுத்தியிருந்த காவலர்கள் வெளியேற்றப்படுகிறார்கள் என்றார். அடுத்த மாதம் இன்னும் ஓர் ஆணை வந்தது. யாராவது ஒரு குழந்தை தவறி உள்ளே வந்துவிட்டால் அதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டுமல்லவா? தன்னைக் குழந்தை என்று அலுவலகத்துக்கு வந்து எழுதிக்கொடுப்பவருக்கு இளம்பிள்ளை முத்திரை வழங்கப்படும்; முத்திரை உள்ளவரின் முகமூடியை யாரும் கழற்றச் சொல்லக் கூடாது. பிள்ளைகள் யாரும் அதை வாங்க வரவில்லை. வந்தால் கதவு மூடிவிடும் என்று அவர்கள் பயந்தார்கள்; கதவோ முத்திரையைப் பார்ப்பதில்லை, கேள்வியை மட்டும்தான் கேட்கும். ஆனாலும் முதல் நாளே வரிசை தெருமுனை வரை நின்றது. நின்றவர்களில் பலர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். எழுத்தர்கள் நிமிராமல் முத்திரை குத்தினார்கள்.

வடிவாம்பாள் தையல்காரி. புருஷன் இல்லை, அஞ்சுகம் என்று ஒரே மகள், பதினோரு வயது. தைத்து முடித்த ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும்போது அஞ்சுகம் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவாள். அந்தப் பேச்சு நின்று பத்து நாள் ஆகிவிட்டது என்பது ஒரு நாள் மத்தியானம்தான் வடிவாம்பாளுக்கு உறைத்தது. கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பள்ளிக்கூடத்துல யாராச்சும் அடிச்சாங்களா?"

அஞ்சுகம் கீழே கிடந்த கொக்கி ஒன்றை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"அங்க ஒரு முயல் இருக்கும்மா. மொதல்ல நல்லாத்தான் வெளயாடுச்சு. அதுக்கு ஒம்பது வயசுன்னு சொல்லிச்சு. ஒரு நாள் முகமூடிய எடு, உன் மூஞ்சியப் படம் வரஞ்சு வச்சுக்கிறேன்னுச்சு. எடுத்தேன். இப்ப, அது சொன்னபடி நான் கேக்கலைன்னா அந்தப் படத்த ஊர் பூரா ஒட்டுவேங்குது. நம்ம தெரு, வீடு எல்லாம் அதுக்குத் தெரியும். வீட்டுக்கே வருவேங்குது."

"என்னடி கேக்கச் சொல்லுது?"

அஞ்சுகம் சொன்னாள். வடிவாம்பாள் எழுந்து போய்ச் சுவர்க் கதவை அடைத்தபடி தையல் மேசையைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: யாரோ ஒருவர் அந்த முயலின் முகமூடியைக் கழற்ற வேண்டும்.

மறுநாள் காலையில் வயதுப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். தலைவர் சபாரத்தினம் ஏட்டைப் புரட்டியபடியே பேசினார்.

"அஞ்சுகம், வடிவாம்பாள் மகள். இருக்கிறது. வயது நாற்பத்தொன்று."

"ஐயா, எனக்கே முப்பத்திரண்டுதான்!"

"அது உங்கள் வயதில் உள்ள பிழையாக இருக்கலாம். அதற்குத் தனி மனு உண்டு."

வடிவாம்பாள் பையிலிருந்து மகளின் பாவாடையை எடுத்து மேசைமேல் விரித்தாள். "இதப் பாருங்கய்யா. வளர வளரப் பிரிச்சு விடலாம்னு மூணு மடிப்பு வச்சுத் தச்சேன். ஒண்ணுதான் பிரிச்சிருக்கேன். நாப்பத்தொரு வயசுக்காரி இதக் கட்டுவாளா? பிள்ள வெளியதான் நிக்கிறா. ஒருதரம் தலையத் தூக்கிப் பாருங்க, போதும்."

"அம்மையே, முகம் பார்த்தால் நீதி தவறும். பாவாடை ஆவணம் ஆகாது." அவர் பாவாடையை ஓரமாக, மிகவும் மரியாதையாக, நகர்த்தினார். "உங்கள் புகாரைப் பதிவு செய்துகொள்கிறேன். விதிப்படி எதிர்த்தரப்புக்கும் தகவல் போகும்."

"எதிர்த்தரப்புன்னா? அந்த முயலுக்கா?"

"அந்தப் பிள்ளைக்கு" என்று திருத்தினார் சபாரத்தினம்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். "நாப்பத்தொரு வயசுப் பொண்ணா? சீக்கிரம் மாப்பிள்ளை பாரு தாயி." கூடவே நின்றவள் அவள் இடுப்பில் இடித்தாள். "உன் மகளுக்கு எத்தினின்னு ஏட்டுல போட்டிருக்குன்னு போய்க் கேளு மொதல்ல." சிரித்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

எட்டாம் நாள் ஓலை வந்தது. அஞ்சுகத்தின் பெயருக்கு வந்திருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றை விளையாட்டு மாளிகையில் பின்தொடர்ந்து, பின்பு பொய்ப்புகார் கொடுத்து அச்சுறுத்திய நடுவயதுப் பெண் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. வடிவாம்பாள் அதை மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அப்படித்தான் இருந்தது.

நீதிமன்றத்தில் முயல், கழுத்தில் இளம்பிள்ளை முத்திரையோடு, மெத்தை போட்ட ஆசனத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஒரு குவளைப் பால் வைத்திருந்தார்கள். அஞ்சுகம் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வடிவாம்பாள் முயலையே பார்த்தாள். இருபது வருடமாக ஆட்களை அளந்து பழகிய கண். முகமூடிக்குக் கீழே நரைத்த மயிர் தெரிந்தது.

"நீதிபதி ஐயா, அதோட நெஞ்சளவு நாப்பத்திரண்டு அங்குலம்! தோள்பட்டை பதினெட்டரை! புறங்கையப் பாருங்க, மயிரு நரைச்சிருக்கு! ஒம்பது வயசுல எந்தப் பிள்ளைக்குய்யா இப்படி இருக்கும்?"

நீதிபதி ஏட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவர் குரல் அதிர்ந்தது. "ஒரு குழந்தையின் உடலைப் பற்றிச் சபையில் பேசுகிறீர்களா? வெட்கமாக இல்லை?"

சபையில் இருந்தவர்கள் எல்லோரும் முயலைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. முயல் குவளையை எடுத்துப் பாலைக் குடித்தது.

"இந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் யார்?" என்று கேட்டார் நீதிபதி.

"எனக்கு யாரும் இல்லீங்க" என்றது முயல், கட்டைக் குரலில்.

நீதிபதி நெகிழ்ந்துபோனார். உடனே தீர்ப்பை எழுதினார்.

அஞ்சுகம் நடுவயதுப் பெண் என்பதால் சிறுவர் இருக்கும் எந்த இடத்துக்கும் போகக் கூடாது என்று பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாள். இப்போது தாயோடு உட்கார்ந்து கொக்கி வைக்கிறாள், பேசுவதில்லை. வடிவாம்பாள் கதவை மறைத்துச் செங்கல் வைத்துப் பூசினாள். பொதுக் கதவைச் சேதப்படுத்தியதற்காக ஆறு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தாள். சபாரத்தினத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அடுத்த தேர்தலில், பிள்ளைகளைக் காத்த ஆட்சி என்ற முழக்கத்தோடு அதே மந்திரிசபை திரும்ப வந்தது. வணிகர்கள் கதவுகளைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தார்கள்.

முயல் ஆதரவற்ற பிள்ளை என்பதால் அரசு அதைப் பள்ளியில் சேர்த்தது. எந்த வகுப்பு என்பதில் மந்திரிசபை மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டது. பெற்றவர்கள் கதவின் பக்கமே விடாமல் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளைகளாகப் பார்த்து முப்பத்தோரு பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு வகுப்பு அமைத்தார்கள். முயல் அங்கே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. இதுவரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.