மதுவிலக்குச் சங்கச் செயலாளர் ஒயின் விருந்துக்குப் போன விவரம்

காஜா பெராங், மலாக்கா.

புக்கிட் ரம்பாய் தென்னந்தோப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய சேதுபதி மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை ருக்மணியின் மகள் நீலாவதி பணிவுடன் எழுதுவது.

எழுதுவதற்கே முதலில் மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்கு ஒருவரும் ஒரு வரி எழுதாத இத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் தொடங்குவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். என் சடங்குக்கு நீங்கள் சீர்த்தட்டோடு வந்தீர்கள். அப்பா வாசலில் மறித்து, "கள்ளு வாடை அடிக்குது மச்சான், சங்கச் செயலாளர் வீட்டுக்குள்ள இந்த வாடை நுழையக் கூடாது" என்று திருப்பி அனுப்பியதை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கள் இறக்குகிறவர் மேல் கள் வாடை அடிக்காமல் மல்லிகை வாடையா அடிக்கும் என்று அன்றே எனக்குத் தோன்றியது. சொல்லத் தைரியம் வரவில்லை. சிங்கப்பூர் போய்ப் பட்டம் வாங்கிய பிறகும் வரவில்லை.

இங்கே நாங்கள் நால்வரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் அத்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். இதற்கு மேல் நலம் விசாரிக்கிற காலமாக இது இல்லை. எதையும் கேட்பதற்காக இந்தக் கடிதம் இல்லை, மாமா. எங்கள் வீட்டில் நடந்ததை வேறு யாரோ சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நான் சொல்வது நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

தம்பி ஜெயபாலனை நீங்கள் அரைக்கால் சட்டையில் பார்த்திருப்பீர்கள். இப்போது அவனுக்கு இருபது வயது. இந்த வருஷம் இருபது வயதில் இருப்பது நல்லதல்ல. சித்திரையில் எங்கள் தெருவிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்களை மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆளும் வரவில்லை, ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. எங்கள் வட்டாரத்தில் யாருக்கு அரிசி, யாருக்குச் சயாம் என்ற இரண்டையும் தீர்மானிப்பவர் மொரிடா என்ற ஒரே ஜப்பானிய அதிகாரிதான். ஜெயபாலன் பெயர் சயாம் பட்டியலில் இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்படுவதற்கு முன் எப்படியாவது அவரைப் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்று அம்மா இரவும் பகலும் அரற்றிக்கொண்டிருந்தபோதுதான், தெருக்கோடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கருணாகரன் ஒரு யோசனையோடு வந்தார்.

"அண்ணே, மொரிடா துவானுக்கு அவரு ஊருல திராட்சத் தோட்டமாம். பரம்பரையா ஒயின் காய்ச்சற குடும்பமாம். வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன பாட்டிலெல்லாம் தீந்து போயி மனுசனுக்கு நாக்கு செத்துக் கிடக்கு. நம்ம ஊருல மலிவா கிடைக்கிறதுல எது எந்தச் சாப்பாட்டோட சேருதுன்னு ருசி பாக்கணுமாம். விருந்து என் கடையில. நீலாவதிக்கு நிப்பொங்கோ பாஷை தெரியும், அது கூட இருந்து மொழிபெயர்க்கட்டும். நீங்களும் வாங்க. குடிச்சுட்டுக் குளிர்ந்து இருக்கிற நேரமாப் பாத்துப் பையன் விசயத்தக் கேட்டுடலாம்."

"நான் மதுவிலக்குச் சங்கச் செயலாளர், கருணாகரா."

"சங்கம் இப்ப எங்கண்ணே இருக்கு?"

"சங்கம் இல்லேன்னா என்ன, செயலாளர் இருக்கேன்ல."

அடுப்படியிலிருந்து அம்மா, "செயலாளரக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டுப் போங்க, நான் பத்திரமா வச்சிருக்கேன். நீங்க வெறும் நடராஜனாப் போய்ப் புள்ளயக் காப்பாத்திட்டு வாங்க" என்றார்கள். அப்பா கருணாகரனிடம் விருந்து என்றைக்கு என்று கேட்டார்.

திட்டம் இதுதான். ஜெயபாலனுக்கு மூச்சு இழுப்பு என்று நான் சொல்ல வேண்டும். அவன் கதவோரம் உட்கார்ந்து இருமிக்காட்ட வேண்டும். இரண்டு நாள் வீட்டில் இருமிப் பழகினான். "இன்னும் கொஞ்சம் அடி வயித்திலேருந்து வரட்டும்டா" என்று அம்மா சொல்லிக்கொடுத்தார்கள். வேறு காலமாக இருந்தால் சிரித்திருப்போம்.

விருந்து இரவு ஏழு மணிக்கு என்றார்கள். டோக்கியோ மணிக்கு ஏழு என்றால் நம் பழைய மணிக்கு ஐந்தரை, ஆகவே வெயில் தெருவில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கருணாகரன் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வாழை இலை போட்டிருந்தார். சாப்பாடு நான்கு வகை. மரவள்ளிக் கிழங்குப் புட்டு, மரவள்ளி அடை, பிளாச்சான் இறால் விழுது அரைத்த சம்பலோடு அவித்த மரவள்ளி, கருவாட்டோடு வறுத்த மரவள்ளி. குடிக்கவும் நான்கு. போர்த்துகீசியக் குடியிருப்பில் ஒரு வீட்டார் கிறிஸ்துமஸுக்கு என்று ஒளித்து வைத்திருந்த திராட்சை ஒயின், அன்னாசிப் பழத்தை ஊறவைத்த ஒயின், மரவள்ளியில் காய்ச்சிய சம்சு சாராயம், கடைசியாக ஒரு பானைக் கள். கடைத்தெருக்காரர்கள் சிலர் வரச்சொல்லி உத்தரவு என்பதால் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

மொரிடா துவானைப் பற்றி ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், மாமா. குவளை கையில் இருக்கும்வரை அவர் வேறு மனிதராக இருந்தார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார்த்தார், மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடினார், ஒரு மிடறை வாய்க்குள்ளேயே சுற்றவிட்டு, இலையிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து மென்று, மறுபடி ஒரு மிடறு குடித்தார். இனிப்பு ஒயின் புட்டோடு சேரும்போது இரண்டும் சோம்பலாகிவிடுகின்றன, அன்னாசியின் புளிப்பு சம்பலின் காரத்தைத் தூக்கிக் கொடுக்கிறது என்றார். விலை கூடியதைப் பாராட்ட நாக்கு வேண்டியதில்லை, மலிவானதில் நல்லதைப் பொறுக்கி எடுக்கத்தான் நாக்கு வேண்டும் என்றார். இதையெல்லாம் நான் பாதி புரிந்தும் பாதி ஊகித்தும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். "நீயும் குடித்துப் பார்" என்று குவளையை நீட்டினார். பலர் வாய் வைத்த குவளை. வீட்டில் தண்ணீர் குடிப்பதுபோல அண்ணாந்து ஊற்றினேன். பாதி மூக்கில் போய்விட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் படித்த நிப்பொங்கோ பாடப்புத்தகத்தில் ருசியைப் பற்றி எதுவும் இல்லை. "மலை உயரமாக இருக்கிறது" என்றேன். அவர் வெகுநேரம் யோசித்து, உண்மைதான் என்று தலையாட்டினார்.

ஆபத்து அப்பாவின் குவளையில் இருந்தது. பரிமாறியதை மிச்சம் வைப்பது பரிமாறியவரை அவமதிப்பது என்று வளர்ந்தவர் அவர். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிப்பதுபோல ஒரே மூச்சில் காலி செய்து குவளையைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருப்பவர் குவளை காலியாக இருக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அவமதிப்பு என்று வளர்ந்தவர் துவான். ஆகவே உடனே நிரப்பினார். நிரப்பியதை மிச்சம் வைக்கலாமா என்று அப்பா குடித்தார். காலியாக விடலாமா என்று துவான் ஊற்றினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குனிந்து வணங்கிக்கொண்டே இதைச் செய்தார்கள். "அப்பா, கொஞ்சம் மிச்சம் வைங்க, ஊத்த மாட்டாரு" என்று காதில் சொன்னேன். "மிச்சம் வைக்கிற வளர்ப்பா என் வளர்ப்பு?" என்று என்னை முறைத்தார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர், ஒயின், அன்னாசி, சம்சு என்று வரிசையாக முடித்துவிட்டுக் கள்ளுக்கு வந்துவிட்டார்.

கள்ளைக் குடித்த துவான் முகம் மலர்ந்ததும் கருணாகரன் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் எழுந்து நின்று, பள்ளிக்கூட வருகைப் பதிவுக்குச் சொல்லும் வாக்கியத்தையே சொன்னேன். என் தம்பிக்கு உடல் நலமில்லை, நெஞ்சு வலி, ஆகவே வர இயலாது. ஜெயபாலன் கதவோரத்தில் அருமையாக இருமினான். துவான் திரும்பிப் பார்த்து, பாவம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மாமா, அந்த நொடியில் காரியம் முடிந்துவிட்டது. நாங்கள் கும்பிட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அப்போது அப்பா எழுந்தார். கையில் கள் குவளையோடு மேசையைப் பிடித்துக்கொண்டு, "சகோதரர்களே" என்று ஆரம்பித்தார். சங்கத்தின் கூட்டங்களில் வருஷக்கணக்காகப் பேசிய அதே மதுவிலக்குப் பேச்சு, ஒரு வார்த்தை குறையாமல் வந்தது. குடி குடலை எப்படி அரிக்கிறது என்ற இடத்தில் குவளையை உயர்த்திக் காட்டி ஒரு வாய் குடித்துக்கொண்டார். கடைத்தெருக்காரர்கள் பழைய பழக்கத்தில் கைதட்டினார்கள். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், ஜெயபாலனுக்கும் தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் முடிவது அப்படித்தான். "கள்ளைத் தொடாத உடம்பு எப்படி இருக்கும்னு பாருங்க. ஜெயபாலா, வா. வந்து தூக்கு."

தம்பி இன்னொரு முறை இருமிப் பார்த்தான். "டேய், வாடா" என்றார் அப்பா. அவர் கூப்பிட்டு அவன் போகாமல் இருந்ததே இல்லை. எழுந்து போனான். கருணாகரன் கடையின் ஆட்டுக்கல் சமையலறை ஓரத்தில் இருந்தது. அதை வளைத்துப் பிடித்து, முதலில் தொடை வரைக்கும், பிறகு மார்பு வரைக்கும், பிறகு தலைக்கு மேலே. இருமல் இல்லை.

துவான் மட்டும் கைதட்டினார். எழுந்து அவனைச் சுற்றி வந்து, புஜத்தை அழுத்தி, தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு நல்ல தரம் என்றார். அந்த வார்த்தை எனக்குத் தெரிந்தது. யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் காலையில் உத்தரவு வந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை ஸ்டேஷனில் நிற்க வேண்டும். அப்பா அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், சாப்பிட மறுக்கிறார். அம்மா அவரை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குப் பயம் குறைந்திருக்கும். ஜெயபாலன்தான் எல்லாரையும் சமாதானப்படுத்துகிறான். "விடுக்கா. அப்பா தூக்குன்னு சொன்னதும் கை தானாப் போயிடுச்சு. கல்லு மேல போனப்புறம்தான் எனக்கே இழுப்பு ஞாபகம் வந்துச்சு" என்கிறான்.

இவ்வளவுதான் விஷயம். உங்கள் மனதை வருத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு என் வணக்கம். தோப்பும் மரங்களும் உங்கள் கைகால்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும். அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். அழுதுகொண்டே சொன்னார்கள், அதையும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மருமகள்
நீலாவதி

பின்குறிப்பு: எதையும் கேட்பதற்காக எழுதவில்லை என்று மேலே சொன்னது பொய். நேற்றுக் கருணாகரன் வந்து விருந்தின் முடிவைச் சொன்னார். கருவாட்டோடு கள்தான் முதலிடமாம். அது உங்கள் தோப்புக் கள்ளாம். உங்களிடம் மரம் ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் துவான் கைப்பட்டை கொடுத்திருக்கிறாராம், அவர்களைச் சயாமுக்குப் பிடிக்கக் கூடாதாம். இதை அப்பாவிடம் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே, "மச்சானுக்கு எழுதும்மா" என்றார். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நிற்கிறானே, அவன்தான் ஜெயபாலன். ஆட்டுக்கல்லைத் தூக்குவானே தவிர, நாற்காலிமேல் ஏறினாலே அவனுக்குத் தலை சுற்றும். திங்கட்கிழமைக்குள் அவனுக்கு மரம் ஏறக் கற்றுக்கொடுத்துவிடுங்கள், மாமா.