டேமேஜ் அண்ணன் படித்த இ.சி.ஜி.

டேமேஜ் அண்ணனைப் போல எதிலும் குறை தேடிய மனிதர் திருப்பூரில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் இருந்தோம். நான் பேக்கிங், அவர் செக்கிங். விளக்கு வைத்த மேஜையில் துணியை இழுத்துவிட்டு ஓட்டை, அறுந்த இழை தேடுவது அவர் வேலை. கண்டதும் "டேமேஜ்!" என்று கத்துவார். பஸ்ஸில் முன்னால் நின்றவரின் பனியனை இழுத்துப் பார்த்து அடி வாங்கியிருக்கிறார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை விட்டுவிட்டு ஜமக்காளத்தைப் புரட்டிப் பார்த்தார். அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது.

ஒருமுறை முதலாளிக்கு நெஞ்சுவலி என்று இ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தக் காகிதச் சுருளைப் பார்த்ததும் அண்ணனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. டாக்டரின் கம்பவுண்டரை டீ வாங்கிக் கொடுத்தே மடக்கி, ஒரே வாரத்தில் பாடம் கற்றுக்கொண்டு வந்தார்.

"சின்னக் கட்டம் அஞ்சு சேந்தா ஒரு பெரிய கட்டமுங்க மாப்ள. மொதல்ல சின்ன மேடு, அப்புறம் ஊசியாட்ட ஒண்ணு, அப்புறம் இன்னொரு மேடு. ஊசிக்கும் ஊசிக்கும் நடுவுல மூணுலருந்து அஞ்சு பெரிய கட்டம் இருந்தா ஓட்டம் சரிங்க. ஊசிக்கப்புறம் கோடு தரைக்கு எறங்கோணும்னு கம்பவுண்டர் என்னமோ சொன்னாருங்க. அதெல்லாம் எதுக்கு? ஒரு எடத்துல மட்டும் மாறியிருந்தா டேமேஜ். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருந்தா டிசைனுங்க!"

துணிக்கு அது சரிதான்.

ஒரு நாள் காலையில் அவருக்கே நெஞ்சை அடைத்தது. சட்டை வியர்வையில் ஊறிவிட்டது. சைக்கிளில் உட்கார வைத்து அழைத்துப் போனேன். டாக்டர் ஊத்துக்குளிக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் இ.சி.ஜி. எடுத்தார். எடுத்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணா, அப்படியே படுங்க. டாக்டர் வர்ற வரைக்கும் எந்திரிக்கவே கூடாதுங்க."

அண்ணன் சுருளைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் கோடு இறங்காமல், மேட்டோடு சேர்ந்து தூக்கி நின்றது. தலை முதல் கடைசி வரை அப்படியே.

"பாத்தீங்களா மாப்ள? ஒண்ணு கூட மாறல. டிசைனுங்க! வாங்க, மேஜைல துணி கெடக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பவுண்டர் கத்தக் கத்த சைக்கிளை எடுத்தேன். பாவி நான்.

மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் அண்ணன் செக்கிங் மேஜை மேலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர் ஓடி வந்தபோது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. சுருளை விரித்துப் பார்த்தவர், "ஒவ்வொரு துடிப்புலயும் கோளாறு இருக்குதே! எப்படிய்யா எந்திரிக்க விட்டீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு அதட்டல் போட்டிருந்தால் படுத்திருப்பார். ஊரையே அதட்டுகிறவன் நான். அவரிடம் மட்டும் ஒருநாளும் குரலை உயர்த்த மனம் வந்ததில்லை. அவ்வளவு பிரியம் வைத்துத் தொலைத்திருந்தேன்.