பேன் பெல்ட்டில் குடியிருந்த பல்லி

மோட்டார் காரை வாயில்லா ஜீவன் என்று சொல்பவன் ஒரு நாளும் பழைய கார் வைத்திருந்திருக்க மாட்டான். அது விளக்கைக் காட்டிக் கெஞ்சும், நாற்றத்தைக் கிளப்பி எச்சரிக்கும், கடைசியில் கத்தியே தீர்க்கும். காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் வேண்டும். வாலிப வயதில் நான் அந்த ஆளாக இல்லை. மேதாவியாக இருந்தேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையின் கார், கைமாறிக் கைமாறி, வெள்ளானூரில் எங்கள் வைக்கோல்போருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பூந்தமல்லிப் பட்டறை ஒன்றில் சில நாள் வேடிக்கை பார்த்த தகுதியில் (ஸ்பானரைத் தொடக்கூட விடவில்லை, அது வேறு விஷயம்) நான் மோட்டார் நிபுணனாகிவிட்டேன். கல்யாணத் தரகர் அந்தப் பெருமையைக் கொண்டுபோய்ச் செம்பரம்பாக்கத்தில் விற்றுவிட்டார். "பையன் சத்தத்த கேட்டே வண்டிக்கு இன்னா வியாதின்னு சொல்லுவான்!" பெண்ணின் அப்பா அதிலேயே மயங்கி, பெண் பார்க்க வரச் சொன்னார். நானோ, திருவிழாக் கூட்டத்தில் அந்தப் பெண் தேசம்மாவைத் தூரத்தில் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்காமல் கிடந்தேன். அவள் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம்.

கிளம்பினோம். முன்னால் நானும் நைனாவும். பின்னால் கன்னியம்மா அத்தை. தாயில்லாத என்னை வளர்த்தவள். எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அவளுக்குப் பல்லி வைத்ததுதான் சட்டம். (நைனாவுக்கும் வாய் உண்டு. அத்தை எதிரில் சோறு தின்ன மட்டும்.)

ஆவடி தாண்டியதும் முன்பலகையில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது.

"இன்னாடா அது, செவப்பா கீது?" என்றார் நைனா.

"வண்டி சந்தோசமா ஓடுதுன்னு அர்த்தம், நைனா."

நல்ல காரியத்துக்குப் போகையில் தானாக விளக்கெரிகிறதே என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம். "எவனோ பழைய செருப்ப கொளுத்திகினு கீறான்" என்றேன். அந்தச் செருப்பு பூந்தமல்லி வரை எங்களோடு கூடவே வந்தது.

அப்புறம்தான் சத்தம். "ச்சிக்... ச்சிக்..."

"பல்லி!" என்று அத்தை விரலை மடக்கிக் கதவைத் தட்டினாள். "வண்டிக்குள்ள பல்லி கீதுடா மாசிலாமணி! நல்ல சகுனம்!"

அது பல்லி இல்லை என்று எனக்குத் தெரியும். என்ன என்றுதான் தெரியாது. நிபுணன் வாயால் "தெரியாது" என்று வரலாமா? பல்லியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அத்தை பல்லியிடம் விசாரணையை ஆரம்பித்தாள். "பொண்ணு கொணமானவளா?" தற்செயலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். ச்சிக்! அடடா, மிதித்தால் பல்லி பேசுகிறது! அதற்கப்புறம் விடுவேனா? "இவனுக்கு ஏத்தவளா?" மிதி. ச்சிக்! "ஆம்பளப் புள்ள பொறக்குமா?" மிதி மிதி. ச்சிக் ச்சிக்! "ரெண்டு!" என்று அத்தை பூரித்துப்போனாள்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது கேட்டாள்: "தை மாசமே வெச்சிக்கலாமா?"

என் வாழ்க்கையே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று பலங்கொண்ட மட்டும் மிதித்தேன். பல்லி வீறிட்டது. 'டப்'பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முன்னாலிருந்து குபுகுபுவென ஆவி.

நிபுணர் இறங்கினார். துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். பீறிட்ட துருத்தண்ணீரில் மூஞ்சி தப்பியது அம்மன் புண்ணியம். சட்டையும் வேட்டியும் செங்கல் நிறமாகிவிட்டன. எஞ்சின் பக்கத்தில் கரிந்து அறுந்து கிடந்தது விசிறியைச் சுற்றும் ரப்பர் வார், பேன் பெல்ட். எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். விஷயம் தெரிந்து பெண்ணின் அப்பாவே ஏர்மாட்டை ஓட்டிவந்து காரைக் கட்டி இழுத்தார். மாப்பிள்ளை ஊர்வலம், மாட்டு வாலுக்குப் பின்னால்!

பாயில் உட்கார்ந்ததுமே அத்தை ஆரம்பித்துவிட்டாள். "தை மாசம்னு கேட்டேன், பல்லி செத்துப்போச்சு. இந்தச் சம்பந்தம் ஆவாது. எழுந்திருடா மாசிலாமணி, நம்ம ஊட்டுக்குப் போலாம்."

பல்லிக் கதையை வாழவைத்தால் பெண் போச்சு. கொன்றால் மானம் போச்சு. மானம் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறது என்று துணிந்து பெல்ட்டை உருவிப் பாயில் போட்டேன்.

"அத்தே, இதான் உன் பல்லி."

பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தத்த கேட்டே வியாதி சொல்ற மாப்பிள்ள நீங்கதானா?"

"சத்தம் நல்லா கேட்டுச்சு மாமா. வியாதிதான் தெர்ல."

அத்தைக்கு அவர் கவலையில்லை. அவள் கவலை அவளுக்கு. "அப்ப, பல்லி ஒண்ணுமே சொல்லலியாடா?" அழுதுவிடுவாள் போலிருந்தது.

உள்கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது: "ச்சிக்... ச்சிக்... ச்சிக்..."

அத்தை தரையைத் தட்டிய தட்டில் வெற்றிலைத் தட்டு குதித்தது. "சொல்லிச்சு! தை மாசந்தான்!"

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். பல்லி கனகாம்பரம் வைத்திருந்தது.

அத்தை சாகும்வரை நாங்கள் மூச்சுவிடவில்லை. அதற்கப்புறம் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் நான் எந்த வண்டியில் ஏறி, "இது ஒண்ணும் இல்ல, நான் சொல்றேன் பாரு" என்று வாயெடுத்தாலும், பின்சீட்டிலிருந்து தேசம்மா "ச்சிக்" என்கிறாள். பேரப்பிள்ளைகள் கதவைத் தட்டுகிறார்கள். ஓட்டுகிற மகன் மறுபேச்சில்லாமல் வண்டியை நேரே பட்டறைக்குத் திருப்புகிறான்.