மாட்டுக்கொட்டில் வரை நான்தான் முதல்

என்னுடைய மாமியாரிடம் நான் ஓட்டப் போட்டியில் தோற்றிருக்கிறேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, மாமிக்கு அறுபத்தொன்று. அவருக்கு வலது முழங்காலில் வாதம். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அன்று மாமி ஓடவேயில்லை. நடந்துதான் வந்தார்.

இப்படித் தோற்பதற்கு ஒருவன் எவ்வளவு பெரிய மடையனாக இருக்க வேண்டும் என்று யோசிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அளந்து காட்டுகிறேன்.

மாமியை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டு எடுத்தது நாங்கள்தான். மொன்ட்ரியாலில், வில்லரேயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவர் வந்து இறங்கியபோது மகளுக்குப் பத்து மாதம். மனைவி சுகந்திக்குப் பகலில் வேலை, எனக்குப் பின்னேர வேலை. மாமி பிள்ளையைப் பார்ப்பார், நான் காலை பதினொரு மணிவரை நித்திரை கொள்ளலாம் என்பது என் திட்டம். (இதைத்தான் வெளியில் ‘மாமியில எனக்குச் சரியான பாசம்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

வந்த மூன்றாம் மாதமே மாமி தானாகப் போய்ப் பிரெஞ்சு வகுப்பில் பெயர் பதிந்துவிட்டார். வகுப்பு காலையில். என் நித்திரை போனது.

நான் நேரடியாகத் தடுக்கவில்லை, அவ்வளவு துணிவு கிடையாது. நக்கலடித்தேன். மாமி புதுச் சொற்களைத் துண்டு மட்டைகளில் எழுதி, சோறு வடிக்கும்போது பாடமாக்குவார். ஒருநாள் பண்ணைச் சொற்கள். “எத்தாப்ல், மாட்டுக்கொட்டில். எத்தாப்ல், மாட்டுக்கொட்டில்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மொன்ட்ரியாலில் மாட்டுக்கொட்டிலுக்கு வழி கேட்டு யாரிடம் போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். மாமி அடுத்த மட்டையை எடுத்தார். எட்டு வருடமாக இந்த நாட்டில் இருந்த எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ‘போன்ஜூர்’, ‘மெர்சி’. இரண்டுக்கும் நடுவில் சிரித்துச் சமாளிப்பேன்.

மாசியில் வகுப்பு ஆட்களை, மொன்ட்ரியால் தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். குடும்பத்தோடு வரலாம். அங்கே பனிநடைப் போட்டி. பனியில் கால் புதையாமல் இருக்கச் சப்பாத்துக்குக் கீழே சுளகு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, வயலைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் மூன்றாவதாக வந்தவன். (ஓடினது நாலு பேர்.) இந்தப் போட்டிக்கென்றே பளபளக்கும் மஞ்சள் நிறத்தில் உடம்போடு ஒட்டுகிற ஓட்டக் காற்சட்டை ஒன்று வாங்கினேன். மாமியோ சேலைக்குக் கீழே சுகந்தியின் பனிக்காற்சட்டை, மேலே இரண்டு ஸ்வெட்டர், கோட், குரங்குத் தொப்பி.

காரில் போகும்போது என் குள்ளப் புத்தியை வெளியே எடுத்தேன்.

“மாமி, இந்தக் குளிரில முழுத் தூரமும் முடிச்சியள் எண்டால் வகுப்புக்குப் போங்கோ. ஏலாமல் திரும்பினால் நிப்பாட்டுவம். உங்கட உடம்புக்காகத்தான் சொல்லுறன்.”

சுகந்தி என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தாள். மாமி குரங்குத் தொப்பியை இழுத்துச் சரிசெய்தார்.

“சரி தம்பி. பேந்து கதை மாறக் கூடாது.”

விசில் ஊதியதும் நான் பாய்ந்தேன். எனக்குப் பின்னால் பதினான்கு பேர். சிரியாக்காரர், கொலம்பியாக்காரர், வியட்நாம்காரர், எல்லாரும் மாமியைப்போல மூன்று நாலு மாதப் பிரெஞ்சு மாணவர்கள். கடைசியில் மாமி, ஆசிரியையோடு கதைத்து முடித்துவிட்டு ஆறுதலாகப் புறப்பட்டார்.

பாதிவழியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பலகை நின்றது. இடதுபக்க அம்புக்குறிக்கு மேல் ஒரு சொல், வலதுபக்கத்தில் இன்னொன்று. வலதுபக்கம் ‘ராக்கெத்’ என்று போட்டிருந்தது. காலில் கட்டியிருந்த சாமானின் பெயர் அதுதான் என்று தெரியும். ஆகவே அது சாமானைத் திருப்பிக் கொடுக்கும் இடம் என்று முடிவெடுத்தேன். இடதுபக்கச் சொல்லில் முதலெழுத்தை விட்டால் மிச்சம் ஆங்கிலத்து ‘டேபிள்’. பரிசுகளை ஒரு நீண்ட மேசையில் அடுக்கியதை வரும்போது பார்த்திருந்தேன். வேறென்ன வேண்டும்? கையை உயர்த்தி, “இஞ்சால வாங்கோ” என்று தமிழில் கூப்பிட்டபடி இடதுபக்கம் திரும்பினேன். பலகையின் முன் தயங்கி நின்றவர்களும் என் நம்பிக்கையைப் பார்த்துப் பின்னால் வந்தார்கள்.

திறந்திருந்த பெரிய கதவுக்குள் நான் முதலாவதாக நுழைந்தேன். பலகையில் இருந்தது மாமியின் ‘எத்தாப்ல்’: உள்ளே இரண்டு வரிசை மாடுகள் தலையைத் திருப்பி என் காற்சட்டையைப் பார்த்தன. சாணி அள்ளிக்கொண்டிருந்த மனிதர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நீளமாக ஒரு கேள்வி கேட்டார். “போன்ஜூர்” என்றேன். இன்னும் நீளமாகக் கேட்டார். “மெர்சி” என்றேன்.

திரும்பலாம் என்றால் அந்தச் சுளகுகளைக் கட்டிக்கொண்டு பின்னால் கால் வைக்க முடியாது. என் இடதுகாலை என் வலதுகாலே மிதித்தது. விழுந்தேன். பின்னால் வந்த கொலம்பியாக்காரி என்மேல் விழுந்தாள், அவள்மேல் அவளுடைய புருஷன்.

எழும்பி வெளியே வந்தபோது வயலுக்கு அப்பால் குரங்குத் தொப்பி தெரிந்தது. மாமி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் வீதி சுற்றுவதுபோல, சரியான பாதையில் தனியாக வந்துகொண்டிருந்தார். முடிவுக்கோட்டுக்கு இன்னும் நூறு மீட்டர்தான்.

அந்த இடத்தில் மனிதனாக இருந்தால் நின்று கைதட்டியிருப்பான். நான் முந்தலாம் என்று வயலுக்குக் குறுக்கே ஓடினேன். பனி மூடியிருந்த வாய்க்கால் ஒன்று என்னை இடுப்புவரை விழுங்கியது. கத்தினேன். மாமி நின்றார், என்னை வடிவாகப் பார்த்தார், பிறகு நடந்துபோய்க் கோட்டைத் தாண்டினார். அதன்பிறகுதான் இரண்டு பேரை என்னிடம் அனுப்பினார்.

என்னைக் கண்டும் ஏன் வரவில்லை என்று பிறகு கேட்டேன்.

“கண்டனான் தம்பி. முடிச்சுப்போட்டு வருவம் எண்டு நினைச்சன்.”

ஆசிரியை பதக்கத்தைப் போட்டு, பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். மாமி பேசினார். இரண்டு வார்த்தையல்ல, மூன்று முழு வசனம். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாணி மணக்க நின்ற நானும், என்ன பகிடி என்று தெரியாமலே, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். மாமி என்ன சொன்னார் என்று வீட்டுக்கு வரும் வழியில் சுகந்தி மொழிபெயர்த்தாள்.

“ரெண்டு பக்கம் இருந்தது. ஒண்டு மாடு போற பக்கம், மற்றது மனிசர் போற பக்கம். மருமோன் தனக்குத் தெரிஞ்ச பக்கம் போனார் எண்டவ.”

பின் இருக்கையில் மாமி பதக்கத்தோடு நித்திரையாகிவிட்டார். நித்திரைபோல நடித்திருக்கவும் கூடும்.

மாமி வகுப்பை முடித்து, குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் வேலை எடுத்து, போன வருடம்வரை அங்கே எல்லாரையும் பிரெஞ்சில் அதட்டிக்கொண்டிருந்தார். நான் காலையில் எழும்பப் பழகிவிட்டேன். மெத்ரோவில் இரண்டு வாசல் வந்தால், இப்போது எட்டு வயதான மகள் என் கையைப் பிடித்து இழுத்து, “அப்பா, மனிசர் போற பக்கம்” என்கிறாள்.

போன மாதம் சுகந்தியின் தம்பி ஊரிலிருந்து வந்தான். நான்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிவரப் போனேன். கட்டிப்பிடித்தான், சுகம் விசாரித்தான், பெட்டிகளைக் காரில் ஏற்றினான். வளாகத்தைவிட்டு வெளியேறும் இடத்தில் பாதை பிரிந்தது. அவன் இந்த நாட்டில் கால் வைத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. மிகப் பணிவாகக் கேட்டான்:

“அத்தான், இதில மனிசர் போற பக்கம் எது?”