மூச்சையாவின் இரண்டு ஜாடிகள்

படம் ஓடியே பல வருடமான தியேட்டரில் மறுபடி கூட்டம் நெரிந்தது. திரைக்கு முன்னால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மூச்சையா. காசநோயை ஊசியில்லாமல், மாத்திரையில்லாமல், முக்கியமாக டாக்டர் இல்லாமல் விரட்டுகிறவர். வெள்ளை உடை, வெள்ளைத் தாடி, வெள்ளை நாற்காலி. காணிக்கைப் பெட்டி மட்டும்தான் கறுப்பு.

மேசையில் இரண்டு கண்ணாடி ஜாடிகள். இரண்டிலும் தெளிந்த தண்ணீர். வந்தவர் குழாய் வைத்து முதல் ஜாடிக்குள் ஊதுவார். தண்ணீர் பாலாக வெளுக்கும். உள்ளே இருக்கும் நோய் அதுதான் என்பார் மூச்சையா. பிறகு ஊதியவரின் நெஞ்சில் கைவைத்து, உச்சந்தலையில் தன் மூச்சை விடுவார். இப்போது இரண்டாம் ஜாடியில் ஊதினால் தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கும். நோய் போயே போய்விட்டது. பெட்டி அந்தப் பக்கம். உனக்கு நோயில்லை, வீட்டுக்குப் போ என்று அவர் இதுவரை ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. தொழில் தர்மம்.

பக்கத்துத் தெருத் தையல்காரியின் கணவன் லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு நிஜமாகவே காசநோய். ஆஸ்பத்திரி மாத்திரையில் இருமல் தணிந்து, உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து அவனுடைய அக்கா அவனை மூச்சையாவிடம் கூட்டிப்போனாள். அக்கா அங்கே முன்வரிசை பக்தை. இரண்டாம் ஜாடி தெளிவாக நின்றது. அன்றோடு மாத்திரையை விட்டுவிட்டான்.

அதே ஆஸ்பத்திரியில் காசநோய்க்குப் புதிதாக ஒரு தடுப்பூசியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்குப் போடும் பழைய ஊசி பெரியவர்களின் நுரையீரலை அவ்வளவாகக் காப்பதில்லை என்பதால், நோயாளி வீட்டில் நோயில்லாமல் இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். தையல்காரியும் சேர்ந்திருந்தாள். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்பது போடுகிற தனக்கே தெரியாது என்று நர்ஸ் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். பலன் தெரிய வருடக்கணக்காகும், பலிக்காமலும் போகலாம் என்றும் சொன்னாள்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. "அவங்களுக்கே தெரியலையாம். எனக்குத் தெரியும்" என்றார் மூச்சையா மேடையில். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. ஊசிக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

தையல்காரி மட்டும், உப்புத் தண்ணீர் எதற்கு என்று நர்ஸிடம் கேட்டாள்.

"போட்டவங்களை மட்டும் பாத்தா ஒண்ணும் புரியாதும்மா. போடாதவங்க எப்படி இருக்காங்கன்னும் பாக்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் உண்மை தெரியும்."

கணவன் மறுபடி இருமத் தொடங்கினான். ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம். அவனும் அக்காவும் மூச்சையாவிடம் கிளம்ப, தையல்காரியும் கூடப் போனாள். அவன் இருமல் யாருக்கும் ஒட்டலாம். வீட்டில் சின்னப் பெண் ஒருத்தி இருக்கிறாள்.

கணவன் ஊதினான், வெளுத்தது. தண்ணீரை மாற்றிவிட்டு இவள் ஊதினாள், அதுவும் வெளுத்தது. ஆஸ்பத்திரியில் இவளுக்கு நோயில்லை என்று சோதித்துச் சொல்லியிருந்தார்கள். மறுபடி தண்ணீர் மாற்றியதும் அவள் மூச்சையாவைப் பணிவாகப் பார்த்தாள்.

"நோயே இல்லாதவங்க ஊதினா எப்படி இருக்கும்னு பாக்கணும் ஐயா. அப்படி ஒருத்தர்னு பாத்தா இங்க நீங்கதான் இருக்கீங்க. ஒரு தடவை ஊதுங்களேன்."

மூச்சையா இது விளையாட்டில்லை என்றார். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊதிக் காட்டி இவள் வாயை அடைக்கும்படி அவளே கெஞ்சினாள். கூட்டமும் சேர்ந்துகொண்டது. மூச்சையா குழாயை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பினார். குமிழி ஒன்றுகூட வரவில்லை. ஊருக்கே மூச்சுக் கொடுத்தவருக்கு மூச்சு முட்டியது. இரண்டாம் ஜாடியை இழுத்தார்.

"அது இல்லீங்க, இது" என்று தையல்காரி முதல் ஜாடியை நகர்த்தி வைத்தாள்.

வேறு வழியில்லாமல் ஊதினார். பால் வெளுப்பு.

உடனே ஒரு பக்தர் எழுந்து, நம் நோயையெல்லாம் ஐயா தன்மேல் வாங்கிக்கொண்டார் என்று கண்ணீர் விட்டார். ஏமாற்றுகிறவன் களைத்துப்போனாலும் ஏமாறுகிறவர்கள் விடுவதில்லை.

தையல்காரி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "அண்ணி, உங்க நோயைத்தான் போன வாரமே எடுத்துட்டாரே. இதுல நீங்க ஊதுங்க."

புதுத் தண்ணீரில் அக்கா ஊதினாள். வெளுத்தது. அக்கா ஜாடியைப் பார்த்தாள், மூச்சையாவைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே மூச்சையாவின் கையைப் பிடித்து இரண்டாம் ஜாடியில் ஊதச் சொன்னாள். தண்ணீர் கண்ணாடியாக நின்றது.

"அப்ப நோய் ஜாடியிலதான் இருக்கு" என்றாள்.

முதல் ஜாடியில் இருந்தது சுண்ணாம்புத் தெளிவு நீர். யார் ஊதினாலும் வெளுக்கும். இரண்டாவதில் குழாய்த் தண்ணீர். மூச்சையா பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார். பெட்டியை மட்டும் மறக்கவில்லை.

கணவனை அக்காதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நடுவில் விட்டதால் சிகிச்சையை முதலிலிருந்து தொடங்கினார்கள். பழைய மாத்திரை இன்னும் கேட்குமா என்றும் சோதித்தார்கள். கேட்கும் என்று தெரிந்த அன்று தையல்காரி ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதாள். நழுவியவர்களில் சிலர் ஊசிக்குத் திரும்பி வந்தார்கள்.

மூச்சையா இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தேடிப் போகட்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், தப்பில்லை. மூளையையும் சேர்த்துக் கழற்றி வைக்காதீர்கள்.