நடு ஸ்பீக்கரும் என் காதும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நான் நலம். குறிப்பாக, இரண்டு காதுகளும் நலம். நீங்களும் என் மகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன வாரத்திலிருந்து நீங்கள் இருவரும் தொலைபேசியில் என்னிடம் கத்துகிறீர்கள்; கத்துகிறவர்களிடம் விஷயம் பேச முடியாது.

என் பிறந்தநாளுக்கு நீங்கள் வாங்கி வந்த ஹோம் தியேட்டருக்கு மறுபடியும் நன்றி. உங்கள் மாமா இருந்தவரை இந்த வீட்டில் பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் ஒரு ஸ்பீக்கரே போதுமானதாக இருந்தது. இப்போது ஆறு. நீங்கள் பொறியாளர் என்பதால் விளக்கப் புத்தகத்தைப் பிரிக்காமலே டிஸ்க் பிளேயரை அதனுடன் இணைத்து, ஒரு நீதிமன்றப் படத்தைப் போட்டீர்கள். மழை பெய்தது, நாற்காலி நகர்ந்தது, சுத்தியல் மேசையில் தட்டியது, எல்லாம் கேட்டது. மனிதர்கள் மட்டும் வாயை அசைத்தார்கள். "ஒண்ணுமே கேக்கலையே" என்றேன். சத்தத்தைக் கூட்டினீர்கள். அலமாரியில் பீங்கான் தட்டுகள் ஆடும் அளவுக்கு மழை பெய்தது. கடைசியில் நீதிபதி தீர்ப்பு வாசித்தபோது, "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். நீங்கள் என் மகளைப் பார்த்தீர்கள், அவள் உங்களைப் பார்த்தாள். "சவுண்டு சூப்பரா இருக்கு, இல்ல அத்தை?" என்றீர்கள். பிறகு சமையலறைக்குப் போய், "இனிமே இவங்களைத் தனியா விடக் கூடாது. காது டாக்டர்கிட்ட காட்டிட்டு, வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, நம்மளோட கூட்டிட்டுப் போயிடலாம்" என்று அவளிடம் ரகசியமாகச் சொன்னீர்கள். அன்று எனக்குத் தெளிவாகக் கேட்ட முதல் வசனம் அதுதான். மறுநாளே, சனிக்கிழமைக்கு டாக்டரிடம் டோக்கன் போட்டாகிவிட்டது என்று தகவல் வந்தது.

நான் விளக்கப் புத்தகத்தைப் படித்தேன். கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் பதினோரு வருடம் ஆங்கில இலக்கணம் படித்தவள் என்பதால் முதலில் அதிலிருந்த இருபத்திரண்டு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திவிட்டு, பிறகு பொருளைப் பார்த்தேன். பேச்சு முழுவதும் முன்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும் என்று ஆறாம் பக்கத்தில் போட்டிருக்கிறது. உடனே வயர்மேனைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் வராததுமாக எல்லா வயரையும் பிடுங்கி மறுபடி மாட்டினார், அதுவரை கேட்ட மழைச் சத்தமும் நின்றுபோயிற்று. குனிந்து பார்த்தால், அவர் மாட்டியதில் பிளேயரின் 'அவுட்'டிலிருந்து ஹோம் தியேட்டரின் 'அவுட்'டுக்கு வயர் போகிறது.

"இது அவுட், அதுவும் அவுட். ரெண்டு பேருமே பேசினா கேக்கறது யாருப்பா?" என்றேன்.

"எங்க வீட்லயும் இதே பிரச்சினைதாம்மா" என்று சொல்லி 'இன்'னில் மாற்றினார். அதன்பின் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு வயரை வெளியே எடுத்தார். "நடு ஸ்பீக்கரோட வயரும்மா. சொருகவே இல்ல. கம்பெனி போட்ட கட்டுகூடப் பிரிக்கல. யாரு மாட்டினது?"

"என் மாப்பிள்ளை. பொறியாளர்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பின்பக்கத்து இடது ஸ்பீக்கரை நீங்கள் ஃப்ரிட்ஜின் மேல் வைத்திருந்ததால்தான் பாதி மழை சமையலறையில் பெய்திருக்கிறது. அதையும் எடுத்து என் நாற்காலிக்குப் பின்னால் வைத்தோம்.

படத்தை முதலிலிருந்து போட்டேன். இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். தேவைக்கு அதிகமாகவே பேசுகிறார்கள். நடுவில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்க்காமலே, "வாயைப் பொத்திக்கிட்டு இருமு" என்றேன். வயர்மேன், "நான் இருமலைம்மா, கோர்ட்ல ஒருத்தர்" என்றார். சரவுண்டு சவுண்டு என்றால் என்ன என்று அப்போதுதான் விளங்கிற்று. நீதிபதி சொன்னது இது: போதிய சாட்சியம் இல்லாததால் விடுதலை.

மாப்பிள்ளை, இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பார்த்து முடித்துவிட்டு, கேட்கவில்லை என்பதே தெரியாமல் எழுந்து போனவர் நீங்கள். 'நான் சொல்வது எதுவும் இவர் காதில் விழுவதில்லை' என்று என் மகள் சொல்வதை இத்தனை நாள் மிகை என்று நினைத்திருந்தேன். ஆகவே சனிக்கிழமை டோக்கனை வீணாக்க வேண்டாம். அதில் என் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நான் என் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்.

ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழ, நீங்கள் இருவரும் நூறு வருடம் சேர்ந்து வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் அத்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் எதிர்வீட்டுத் தையல்கார அம்மா ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தோளைத் தொட்டாள். "எவ்வளவு நேரம்மா பெல் அடிக்கிறது? உள்ள ஆள் இருக்கீங்களான்னே பயந்துட்டேன்" என்றாள். படத்தை அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பெல் பழுது என்று சொன்னேன். "நல்லாத்தாம்மா அடிக்குது, எங்க வீடு வரைக்கும் கேக்குது" என்று வாசலுக்குப் போய் மறுபடி அழுத்திக் காட்டினாள். அவள் விரல் அழுத்தியதைப் பார்த்தேன், அவ்வளவுதான். இரண்டு டோக்கனாக வாங்கிவிடுங்கள். வீட்டைப் பற்றிய பேச்சு அதில் சேராது. உங்கள் டோக்கன்தான் முதலில்.